முன்பணக் கணக்கு முடித்தல்

பர்சர் அவர்களுக்கு,
கல்லூரிகளுக்கிடையிலான மகளிர் டென்னிஸ்.
இரண்டு நாள் என்று போட்டது, மழையால் மூன்றானது.
வாங்கிய முன்பணம் முப்பத்தைந்தாயிரம்.
ரசீதுகளைத் தேதிவாரியாக நூலில் கோத்திருக்கிறேன்.
ரசீது இல்லாதவற்றுக்கு இந்தக் கடிதம்.

பந்து ஆறு டப்பா, டப்பாவுக்கு மூன்று.
நடுவர்கள் இருவர், நாகர்கோவிலிலிருந்து,
படியும் பஸ் காசும்.
கோடு போடச் சுண்ணாம்பு ஒரு மூட்டை.
ராத்திரி மழை அதைக் கேட்டு வாங்கிப் போனது,
எனவே இன்னொரு மூட்டை.
ஸ்பாஞ்சு பன்னிரண்டு, மெத்தைக் கடையில்.
'டென்னிசுக்கு ஸ்பாஞ்சு எதற்கு?' என்று
ஓரத்தில் பென்சிலால் கேட்டிருக்கிறீர்கள்.
ஐப்பசியில் குலசேகரத்து மண் தரையைக்
கேட்டால் அது சொல்லும்.
நான்கு கல்லூரிப் பெண்கள் முட்டி போட்டு
ஒரே குழியிலிருந்து தண்ணீரை வாளியில் பிழிந்தார்கள்.
எவள் எந்தக் கல்லூரி என்று
அந்த ஒரு மணி நேரத்துக்கு
என் பதிவேட்டில் கிடையாது.

நான்கு அணி வந்தால்தான் சாம்பியன்ஷிப்.
மூன்று என்றால் சும்மா பந்து தட்டியது,
பல்கலைக்கழகத்துக்கு எழுத முடியாது.
கருங்கல் அணியின் வேன்
அழகியமண்டபத்தில் பஞ்சராகி நின்றபோது
என் கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டேன்.
மதியச் சாப்பாடு ஆறியது.
மரச்சீனியை மறுபடி சூடாக்கிய விறகுக்கு
எண்பது ரூபாய், ரசீது இல்லை.

தகுதிப் படிவம் பார்ப்பதும்
நடத்துகிறவள் தலையில்தான்.
நம் படிவத்தில் முதல் பெயர் ஷைபி மலர்.
ஜூலை ஒன்றில் இருபத்தைந்து முடிந்திருக்கக் கூடாது.
அவளுக்கு முடிந்து பதினொரு நாள்.
பிளஸ் டூவுக்குப் பிறகு நாலு வருசம்
அண்டி ஆபீசில் தோடு உடைத்தவள்.
அந்த நாலு வருசத்தை எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.
கருங்கல்லுக்காகக் கழற்றிய கடிகாரம்
இதற்குப் பயன்படாது.
சிவப்புப் பேனாவால் அடித்தேன்.
முதல்வர் கேட்டார்: 'வேற ஆராவது பாத்தாவளா?'
இல்லை என்றேன்.
பிறகு கொஞ்ச நேரம் இருவரும்
மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கோப்பை இரண்டு. பதக்கம் எட்டு.
மூன்றாமிடத்துக்குக் கைத்தட்டு, செலவில்லை.
பெயர் பொறித்தவர் 'சாம்பியன்' என்பதில்
ஒரு புள்ளியை விட்டுவிட்டார்.
அதற்காக ஐம்பது ரூபாய் குறைத்தேன்,
ஜெயித்தவர்கள் கவனிக்கவில்லை.
நம் காசில் வாங்கிய பெரிய கோப்பை
மார்த்தாண்டம் பஸ்ஸில் ஜன்னலோரம்
ஒரு பெண்ணின் மடியில் போனது.
இதை எந்தத் தலைப்பில் எழுத வேண்டும் என்று
நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கோட்டு நடுவர் படி, நூற்றைம்பது.
வவுச்சரில் கையெழுத்து: ஷைபி மலர்.
மாணவிக்குப் படி கொடுக்கலாமா என்பீர்கள்.
கடைசிப் புள்ளி.
மார்த்தாண்டத்துப் பெண் அடித்தது
தூர மூலையில், ஈரச் சுண்ணாம்பில் விழுந்தது.
நம் ஜெர்லின் ஏற்கெனவே கையைத் தூக்கிவிட்டாள், வெளியே என்று.
நாற்காலியில் இருந்த நடுவருக்குத் தெரியவில்லை.
எனக்கும் தெரியவில்லை.
ஷைபி குனிந்து பார்த்தாள்.
இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்துத்
தரையைப் பார்த்துக் கவிழ்த்தாள்.
உள்ளே.
அன்று அவள் எந்த அணியிலும் இல்லை.
படி கொடுக்கலாம்.

பந்து பதினேழு, ஸ்டாக்கில் ஏற்றியாயிற்று.
பதினெட்டாவது மதில் தாண்டி
ரப்பர் தோட்டத்துக்குள் போனது.
பால் வெட்டுகிற தங்கநாடான்
நாலாம் நாள் கொண்டுவந்தார்:
சிரட்டைக்குள் விழுந்து, பால் உறைந்து,
இரண்டும் ஒன்றாகி.
'ஒங்க சாதனந்தானே டீச்சர்,
பிச்சுப் பாத்தேன், வரல்ல.'
ஸ்டாக்கில் அதைப் பந்து என்று எழுதவா,
சிரட்டை என்று எழுதவா?
இப்போதைக்கு என் மேசையில்
இந்த ரசீதுகளின் மேல் இருக்கிறது.

மீதி இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.
எண்ணிப் பார்த்துக்கொள்ளவும்.